மறு: மறு: டீ டைம், ஹேண்டிகேப், கிரீன் ஃபீ: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

ஊர்க்குருவி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். நகரத்தை ஒட்டிய சாம்பியன்ஷிப் கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு, உறுப்பினர் அல்லாதவர்கள் ஒருநாள் வந்து ஆடிவிட்டுப் போவதற்கான வழிகாட்டி. என் கைக்கு வந்தது இயந்திரம் போட்டுக் கொடுத்த வரைவு. அதில் ஒரு வரி:

"தங்கள் தேநீர் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வந்து, ஊனச் சான்றிதழைக் காட்டி, பச்சைக் கட்டணம் செலுத்தவும்."

சிரித்து ஓய்ந்த பிறகுதான் பயம் வந்தது. இதை நம்பி வருகிறவர் மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு டீ குடிக்க வந்து நிற்பார். மூன்றுக்குத் தமிழ்ச் சொல் கிடைத்தால் போதும்: டீ டைம், ஹேண்டிகேப், கிரீன் ஃபீ. முன்பதிவுப் பொத்தானில் 14 எழுத்துக்கு மேல் இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொன்றை எழுதியது:

அன்புள்ள ஊர்க்குருவி,

குழிப்பந்தாட்டம் என்று நல்ல சொல் இருக்க, 'கோல்ஃப்' எதற்கு? அதிலும் அந்த ஆய்தமும் பகரமும்! ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கோல் கொண்டு ஆடுவதால் அது கோல். கோலால் பந்தைப் புடைப்பதால் கோற்புடை. அது தேய்ந்து கோற்பு, பிறகு கோல்ஃப். சிலப்பதிகாரத்தில் கந்துகவரி என்று பந்தாட்டப் பாட்டே பாடிய இனத்துக்குப் பந்தாட்டம் புதிதா என்ன? விரிவாக நாளை எழுதுகிறேன்.

நெட்டிலிங்கம் எழுதியது:

ஐயா, நாளை எழுதாதீர்கள். நாளை வியாழன்.

தடியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் பரவலான கருத்து. அம்புப் பயிற்சியைக் கெடுக்கிறது என்று 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. அந்தக் காலத்திலேயே அங்கே ஊர் கெட்டுப்போகும் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள். கோற்புடையைக் கப்பலேற்றி அனுப்பியதற்குச் சாட்சி இல்லை.

ஊர்க்குருவிக்கு ஒரு வார்த்தை: நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் எழுத்து வேறு. 'டீ' நமக்கு ஓரெழுத்து ஒருமொழி. அதற்கு டகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. அந்தக் கணக்கில் 'டீ நேரம்' 8, 'தொடக்க நேரம்' 12. 'ஆட்டத் தொடக்க நேரம்' 19, பொத்தானுக்கு வெளியே போய்விடும்.

தும்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் மட்டையைக் கையில் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பொருள் தெரியாமல் சொல் தேட வேண்டாமே.

டீ என்பது மூன்று. பந்தை ஏற்றி வைக்கும் குச்சி ஒன்று. முதல் அடி அடிக்கும் இடம் இன்னொன்று. அங்கே வெவ்வேறு நிறக் குறிகள் நட்டிருப்பார்கள், அதில் எந்த நிறத்திலிருந்து ஆடுகிறோம் என்பது மூன்றாவது. ஒருநாள் ஆட வருகிறவருக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியம். போட்டிக்காரர்கள் ஆடும் கடைசிக் குறியிலிருந்து மைதானம் 7000 கெஜத்தைத் தாண்டும். அதைப் பெரும்பாலும் வெளியாருக்குத் திறக்கவே மாட்டார்கள். திறந்தாலும் போகாதீர்கள். நாலரை மணி நேர ஆட்டம் ஆறு மணி நேரமாகும், பின்னால் வரும் நால்வரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

டீ டைம் என்பது உங்கள் குழு முதல் பந்தை அடிக்க வேண்டிய நிமிடம். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவாக அனுப்புவார்கள். முதல் குழிக்குப் பக்கத்தில் சின்னக் கூண்டு, உள்ளே தாளும் பென்சிலுமாக ஒருவர். 9.40 என்றால் 9.40-க்குப் பந்து பறந்திருக்க வேண்டும். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பெயர்மேல் கோடு விழும்.

கிரீன் ஃபீயில் உள்ள கிரீன், குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை அல்ல. பழைய வழக்கில் மைதானம் முழுவதுமே கிரீன்தான். ஆகவே 'பசுந்தரைக் கட்டணம்' என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: அது வெறும் ஆட்டக் கட்டணம்.

கொன்றை எழுதியது:

தும்பி, நன்று. ஆட்டக் கட்டணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டகரம் மொழிமுதலாகாது. தேநீருக்கே அந்தச் சொல்லை விடாமல் நாம் போராடிக்கொண்டிருக்கையில் ஆட்டத்துக்கும் அதையே கொடுப்பதா? ஆட்டம் எழும் இடம் ஆதலால் எழுவாய். எழுவாய் நேரம். எண்ணிப் பார்த்தேன், 13. பொத்தானில் அடங்கும்.

நெட்டிலிங்கம் எழுதியது:

டீ எழுவாய் என்றால் குழி பயனிலையா ஐயா? நடுவில் மணலில் புதைந்த என் பந்து செயப்படுபொருள். சில நாள் பயனிலை வந்து சேராமலே வாக்கியம் முடிந்துவிடும்.

சோழி எழுதியது:

வகுப்பு முடிந்து இப்போதுதான் பார்த்தேன். ஏழாம் வகுப்புக்கு எழுவாய் நடத்திவிட்டு வந்தவளிடம் இதைக் காட்டாதீர்கள்.

'முளை' எப்படி? தரையில் அடிக்கும் குச்சிக்கு நாம் சொல்வதுதானே. முளை நேரம்.

தும்பி எழுதியது:

அக்கா, முளை நேரம் என்றால் விதை ஊறப்போட்ட மாதிரி இருக்கிறது. குச்சியும் பிற்பாடு வந்ததுதான். முன்பு பெட்டியிலிருந்து ஈரமணலை ஒரு பிடி அள்ளி, கூம்பாகக் குவித்து, அதன் தலையில் பந்தை வைப்பார்கள். ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-இல் மரக் குச்சிக்குக் காப்புரிமை வாங்கினார்.

கொன்றை எழுதியது:

மணல் முகடு! முகட்டு நேரம்!

ஊர்க்குருவி எழுதியது:

ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இது வியாழன் இரவு. 'தொடக்க நேரம்' போட்டுவிடவா?

தும்பி எழுதியது:

வேண்டாம். மைதானம் திறக்கும் நேரம் என்று படித்துவிட்டு எல்லாரும் விடிகாலையில் வாசலில் நிற்பார்கள். எங்களில் யாரும், பை தூக்கும் கேடிகள் உட்பட, டீ தவிர வேறு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. (கேடி என்பதும் தமிழில் ஒரு மாதிரியான சொல்தான். அதை இப்போது தொட வேண்டாம்.)

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஹேண்டிகேப், அதாவது ஒருவரின் திறமைக்கு ஏற்ப அவருக்குக் கிடைக்கும் அடிச் சலுகையின் எண். டீ புரியாவிட்டால் ஒருவர் அரை மணி முன்னே பின்னே வருவார், அவ்வளவுதான். இது புரியாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பெரிய மைதானங்கள் பலவற்றில் சான்று கேட்பார்கள், இத்தனைக்கு மேல் இருந்தால் அனுமதியில்லை என்றும் எழுதியிருப்பார்கள்.

சோழி எழுதியது:

அதில் ஊனம் எங்கே வந்தது? தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய பழைய பண்டமாற்று விளையாட்டின் பெயர் அது. இரண்டு பொருளின் மதிப்பு ஒவ்வாவிட்டால், நடுவர் இடைவெளிக்கு ஈடு சொல்வார். பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போய், நல்ல குதிரையின் மேல் கூடுதல் சுமை ஏற்றுவதைக் குறித்தது. உடற்குறையைச் சுட்டியது அதற்கெல்லாம் பிறகு. நாம் கடைசிப் பொருளை முதலில் மொழிபெயர்த்துவிட்டோம்.

ஈடு என்றே வைக்கலாமே. ஈடு + எண் = ஈட்டெண். வீட்டெண் போல. ஈட்டெண் சான்றிதழ்.

நெட்டிலிங்கம் எழுதியது:

ஈடு வைத்துக் கடன் வாங்குவார்களே, அந்த நெடி அடிக்கவில்லையா?

கொன்றை எழுதியது:

ஈடு என்றதும் எனக்குத் திருவாய்மொழி உரையான ஈடு முப்பத்தாறாயிரப்படி நினைவுக்கு வந்துவிட்டது. நம்பிள்ளை சொல்லச் சொல்ல… சரி, நிறுத்திக்கொள்கிறேன். சொல் அருமை. சோழிக்கு என் வாக்கு.

தும்பி எழுதியது:

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன். "அவர் ஈட்டெண் 5, என்னது 24. எனக்கு 19 அடி ஈடு கொடுத்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்." நிற்கிறது!

ஆனால் எண்ணில் இரண்டு வகை. கையோடு கொண்டுபோவது ஒன்று, அந்த மைதானத்தின் கடினத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது மற்றொன்று. 2020 முதல் நடப்பில் உள்ள உலக முறையில் நம் எண்ணைச் சரிவு மதிப்பால் (தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற எண்) பெருக்கி, 113-ஆல் வகுத்து, மைதான மதிப்பீட்டுக்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள்) பாருக்கும் (மைதானத்துக்கு வகுத்த அடிக் கணக்கு) உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். என் எண் 18.0, சரிவு 140, மதிப்பீடு 74.0, பார் 72 என்றால் 22.3 + 2, அதாவது 24. சாதாரண மைதானத்தில் 18 வைத்திருக்கிறவருக்கு அங்கே ஆறு அடி கூடுதல் சலுகை. இது தெரியாமல் போய் முதல் ஒன்பது குழியிலேயே மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் ஒருவரைப் பார்த்தேன்.

சோழி எழுதியது:

அப்படியானால் முதலாவது ஈட்டெண், இரண்டாவது கள ஈடு.

நெட்டிலிங்கம் எழுதியது:

கடன் நெடி இன்னும் போகவில்லை. ஆனாலும் ஊனத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல். என் எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு ஒதுங்குகிறேன். உறுப்பினர் அல்லாதவர்கள் ஆடும் 'வருகையாளர் சுற்று' பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ஊர்க்குருவி எழுதியது:

'விருந்தினர் ஆட்டம்' என்று போட்டிருந்தேன். காசு வாங்கிக்கொண்டு விருந்தினர் என்பதா என்று வீட்டில் கேட்டார்கள். 'வெளியார் ஆட்டம்' என்றால் துரத்துவது போல் இருக்கிறது. வருகையாளர் ஆட்டம் என்று வைத்துவிட்டேன்.

கொன்றை எழுதியது:

வருநர்?

ஊர்க்குருவி எழுதியது:

வெள்ளி, மாலை 5.50. அனுப்பிவிட்டேன். அந்த வரி இப்போது இப்படி:

"உங்கள் டீ நேரத்துக்கு (முதல் பந்தை அடிக்க வேண்டிய நேரம்) அரை மணி முன்னதாக வந்து, ஈட்டெண் சான்றிதழைக் காட்டி, ஆட்டக் கட்டணம் செலுத்தவும்."

பொத்தானில் 'டீ நேரம்'. ஐயா மன்னிக்க வேண்டும்.

கொன்றை எழுதியது:

மன்னிக்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பதிப்பில் 'எழுமுனை நேரம்' என்று மாற்றிப் பார்க்கவும். அதுவும் 13-தான்.

ஊர்க்குருவி எழுதியது:

6.20. வாடிக்கையாளரிடமிருந்து மறுமொழி. எல்லாம் சரியாம், ஒன்றே ஒன்று விட்டுப்போயிற்றாம். நடக்க முடியாதவர்கள் மைதானத்தைச் சுற்றிவர வாடகைக்குக் கிடைக்கும் சின்ன மின்வண்டி. அவர்களே தமிழ் எழுத்தில் அடித்தும் அனுப்பியிருக்கிறார்கள்: 'பக்கி வாடகைக்குக் கிடைக்கும்'.

நெட்டிலிங்கம் எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கொன்றை எழுதியது:

வண்டிக்கு வையம் என்றொரு பழஞ்சொல் உண்டு. விரிவாக நாளை எழுதுகிறேன்.