டப்பாவில் 5150, என் லேப்டாப்பில் 3400: எஸ்.எஸ்.டி. மாற்றிய கதை

ஈரோட்டுக்காரன்:

2020-இல் வாங்கிய லேப்டாப். கூடவே வந்த 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சிப் டிரைவ்) நிரம்பி, சி டிரைவ் ஒரு வருடமாகச் சிவப்பாகவே இருந்தது. புது லேப்டாப் வாங்கும் செலவுக்கு இது தேவலை என்று டபிள்யூடி பிளாக் எஸ்என்770 என்ற 1 டி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்தில் ஒரு கறுப்புப் பட்டை. கோயில் விபூதிப் பொட்டலம்கூட இதைவிடக் கனமாக இருக்கும்.

பின்மூடியைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி நகர்த்தினால் ‘டக் டக்’கென்று கொக்கிகள் விடும். முதல் காரியமாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய டிரைவின் ஸ்க்ரூவை எடுத்ததும் அது தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும், பயப்பட வேண்டாம். புதியதையும் அதே சாய்வில் செருகி, மெல்ல அமுக்கி, ஸ்க்ரூ போட வேண்டும். அங்கேதான் கை நழுவியது. பாதி மிளகு அளவு ஸ்க்ரூ! லேப்டாப்பைக் கவிழ்த்து உலுக்கியும் கிடைக்கவில்லை. தெருமுனை மொபைல் கடைத் தம்பி ஒன்று கொடுத்தார், காசு வாங்கவில்லை.

விண்டோஸ் ஏறியதும் டிரைவின் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டினேன். டப்பாவில் படிக்கும் வேகம் நொடிக்கு 5150 எம்.பி. என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்தது 3400. டிரைவ் மேல் தப்பில்லை. டிரைவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே தரவு ஓடும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ. டிரைவ் அதில் 4.0 தலைமுறை, என் லேப்டாப் 3.0. அந்தப் பாதையில் 3500-ஐ ஒட்டித்தான் போகும். தெரிந்தேதான் வாங்கினேன், நாளைக்கு வேறு மெஷினுக்கு மாற்றலாமே.

ஆனால் நான் பார்த்தது கடைசி வரியை, அதாவது அங்கங்கே சிதறிய 4கே (4 கே.பி.) துண்டுகளை ஒன்றொன்றாகப் படிக்கும் வேகத்தை. பழையதில் 42, இதில் 61. தினசரி வேலையில் கைக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான். லேப்டாப் எழும்ப 19 நொடி ஆனது, இப்போது 14. வீட்டில் “வேகமாயிடுச்சு பார்த்தியா?” என்று கேட்டேன். “எது?” என்றார்.

கல்யாண வீடியோ:

அண்ணே, நீங்கள் ஓட்டியது 1 ஜி.பி. டெஸ்ட்தானே? அதில் எல்லா டிரைவும் ராஜாதான். என் கதையைக் கேளுங்கள்.

எடிட்டிங் மெஷினுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று 2 டி.பி. ஒன்று வாங்கினேன். பிராண்ட் பெயர் வேண்டாம். முகூர்த்த சீசனில் மூன்று கல்யாணத்தின் ஃபுட்டேஜ், மொத்தம் 400 ஜி.பி.க்கு மேல், இன்னொரு எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஏற்றினேன். ஆரம்பத்தில் நொடிக்கு 1800 எம்.பி. சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் 90-இல் நிற்கிறது! என் பழைய ஹார்ட் டிஸ்க்கே 150 கொடுக்கும்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அது கியூஎல்சி வகை, ஒரு செல்லில் 4 பிட். எழுதும்போது காலியாக இருக்கும் செல்களில் 1 பிட் மட்டும் வேகமாகப் போட்டு வைத்துக்கொண்டு, நாம் சும்மா இருக்கும் நேரத்தில் 4 பிட்டாக அடுக்கும். அந்தத் தற்காலிக இடம்தான் எஸ்எல்சி கேஷ். டிரைவ் நிரம்ப நிரம்ப அதுவும் சுருங்கும். என்னுடையதில் ஏற்கெனவே பாதிக்கு மேல் படம் இருந்தது. கேஷ் தீர்ந்ததும் நேராக 4 பிட்டாக எழுத வேண்டியதாயிற்று, அங்கேதான் நொண்டியது.

இப்போது வாங்கினால் டிஎல்சியா (ஒரு செல்லில் 3 பிட்) என்று கேட்காமல் காசை எடுப்பதில்லை. டிரைவை முக்கால்வாசி நிரப்பிவிட்டு 200 ஜி.பி. ஃபோல்டர் ஒன்றைக் காப்பி போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். அந்த 2 டி.பி.யை வீசவில்லை. முடிந்த படங்களைப் போட்டு வைக்க நன்றாகவே இருக்கிறது, படிக்கும்போது வேகம் குறையவில்லை.

பழைய பெட்டி:

நான் வேகம் வரைக்கும்கூடப் போகவில்லை. 2016 மாடல் லேப்டாப், உள்ளே எம்.2 ஸ்லாட் (இந்தப் பட்டை டிரைவைச் செருகும் இடம்) இருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் என்விஎம்இ, அதாவது பிசிஐஇ பாதையில் ஓடும் எஸ்.எஸ்.டி., வாங்கி வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையில் பெயரே வரவில்லை. அந்த ஸ்லாட் சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பு மட்டும்தான் பேசும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எம்.2 என்பது வெறும் வடிவம்தான், உள்ளே ஓடுவது சாட்டாவாகவும் இருக்கலாம், பிசிஐஇயாகவும் இருக்கலாம். பொதுவாகச் சாட்டா பட்டையில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் ஒன்று. ஸ்லாட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, லேப்டாப் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

சீல் உடைத்ததை எந்தக் கடையில் திருப்பி எடுப்பார்கள்? யூஎஸ்பி என்க்ளோஷர் (டிரைவை வெளியே வைத்து யூஎஸ்பியில் செருகும் கூடு) ஒன்று வாங்கி அதற்குள் போட்டேன். இன்னொரு மெஷினில் செருகினால் நொடிக்கு 1000 எம்.பி. பக்கம் வருகிறது, பேக்கப்புக்கு அதுவே ஜாஸ்தி. லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குலச் சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டேன். வெறும் 550 எம்.பி.தான். ஆனால் சொல்கிறேன், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இதற்கு வந்தபோது தெரிந்த மாற்றம், இதிலிருந்து உங்கள் 3400-க்குப் போனால் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் அந்த 4கே வரி 1-ஐக்கூடத் தொடாது.

சூடான தலை:

டெஸ்க்டாப்காரர்களுக்கு ஒரு விஷயம். என் போர்டில் எம்.2 ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. கேம் ஆடினால் 84 டிகிரி, வேகம் பாதியாகிவிடும். சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடு போட்டும் குறையவில்லை. விற்றவரிடம் சண்டை போடத் தயாராகிக் கழற்றிப் பார்த்தேன். டிரைவுக்கும் தகடுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. உரித்த பிறகு 65. சண்டை ரத்து.

புதுசு:

நானும் மாற்றலாம் என்றிருக்கிறேன். ஃப்ரெஷ்ஷாக விண்டோஸ் போட்டீர்களா, பழையதை அப்படியே நகல் எடுக்கும் குளோனா?

ஈரோட்டுக்காரன்:

குளோன்தான் தம்பி. பழைய டிரைவை என்க்ளோஷரில் போட்டு, அதிலிருந்து பூட் செய்யாமல் பென் டிரைவில் குளோன் மென்பொருளை ஏற்றி ஓட்டினேன். முக்கால் மணி நேரம். அதற்கு முன் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் கொஞ்ச நேரம் வியர்த்தேன். முடிந்ததும் 1 டி.பி.க்குப் பதில் 931 ஜி.பி. காட்டும். ஏமாற்று இல்லை, விண்டோஸ் எண்ணும் கணக்கு வேறு.

கல்யாண வீடியோ சொன்ன டெஸ்டை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு வருகிறேன். என்னுடையது டிஎல்சிதான், ஆனாலும் பார்த்துவிடுவோம்.

அப்புறம், அந்த ஸ்க்ரூ கிடைத்துவிட்டது. பேன்ட் மடிப்பில் இருந்திருக்கிறது, துணி துவைத்தவர் எடுத்துக் கொடுத்தார்.