மின்வெட்டுக்குப் பின் சர்வர் எழ மூன்றரை நிமிடம் தாமதம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பில்லிங்_அறை:

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன மருத்துவமனையில் கணினி வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். பில்லிங், மருந்தகம் இரண்டும் ஓடுவது ஒரே உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வரில். சென்ற மாதம் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ்ஸும் தாக்குப்பிடிக்காமல் சர்வர் அணைந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு, பயாஸ் சோதனையையும் (கிளம்பும்முன் பாகங்களைச் சரிபார்ப்பது) சாதாரணமாகக் கிளம்ப ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காமலே, பில்லிங் திரை வர மூன்றரை நிமிடம் ஆனது. கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற ஓர் அம்மா "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இதை விடாமல் தேடினேன்.

டிஸ்க் பழசாகிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். புது எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம்கூட எழுதி வைத்தேன். ஓர் இரவு ரீபூட் செய்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டிஸ்க் விளக்கு மினுக்கவே இல்லை. "எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார் வெயிட் ஃபார் நெட்வொர்க் டு பி கான்ஃபிகர்டு" (நெட்வொர்க் தயாராகக் காத்திருக்கிறேன்) என்ற ஒரே வரி இரண்டு நிமிடம் நின்றது. லாகின் செய்து 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' (கிளம்பும்போது எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் கட்டளை) கொடுத்தால், பட்டியலின் தலையிலேயே வெயிட்-ஆன்லைன் சேவை, 2 நிமிடம்.

சர்வருக்குப் பின்னால் நான்கு லேன் போர்ட். கேபிள் இருப்பது ஒன்றில். நெட்பிளான் கோப்பிலோ (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) நான்குக்கும் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வாங்கு) என்று எழுதியிருந்தது. கோப்பில் பெயர் உள்ள போர்ட் எல்லாம் தயாராகும்வரை அந்தச் சேவை காத்திருக்கும். 120 வினாடி கழிந்தால்தான் கைவிடும். வெறும் போர்ட் மூன்றையும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். (எடுக்க மனமில்லாதவர்கள் அந்தந்தப் போர்ட்டின் கீழ் 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.) இரண்டு நிமிடம் மிச்சமானது.

ஆனால் அன்று காலை ஆன தாமதம் மூன்றரை நிமிடம். மீதி ஒன்றரை நிமிடத்துக்கு என்ன காரணம்? எத்தனை முறை ரீபூட் செய்தாலும் அது திரும்ப வரவே இல்லை.

ரேக்_சாவி:

கோப்பைத் திருத்தியது சரியான வழி. நிறையப் பேர் அந்த வெயிட்-ஆன்லைன் சேவையையே மாஸ்க் செய்துவிட (கிளம்பவே விடாமல் முடக்கிவிட) சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செய்தார். சர்வர் வேகமாக எழுந்தது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் ஓடியது, ஆனால் ஒரு கணினியாலும் இணைய முடியவில்லை. லிசன் முகவரிகளாக (இணைப்பை எதிர்பார்த்துக் கேட்கும் முகவரிகள்) லோக்கல்ஹோஸ்ட்டும் (அதே சர்வருக்குள் மட்டும்) லேன் ஐபியும் கொடுத்திருந்தோம். லேன் ஐபி நெட்வொர்க் கார்டில் ஏறுவதற்கு முன்பே போஸ்ட்கிரெஸ் கிளம்பிவிட்டது. லாக்கில் ஓர் எச்சரிக்கையைப் போட்டுவிட்டு லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சேவை பச்சையாகத் தெரிந்ததால் அரை நாள் ஃபயர்வாலைச் சந்தேகித்தோம்.

பழைய_கேபிள்:

தம்பி, வினாடியை எண்ணுங்கள். இருபது வருடமாக நான் செய்வது அதுதான். சர்வர் உழைப்பதால் தாமதம் என்றால் நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அச்சுப் பிசகாமல் அதே நேரம் ஆகிறது என்றால், வராத ஒரு பதிலுக்காக யாரோ காத்திருந்து கெடு முடிந்து விலகுகிறார்கள் என்று பொருள். அந்தக் கெடுவை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

சரியாக 60 வினாடி ஒருமுறை எனக்கு வந்தது. காரணம் சென்ட்மெயில், அதாவது மெயில் அனுப்பும் சேவை. சர்வரின் பெயரை மாற்றியவர்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பை (பெயருக்கும் ஐபிக்குமான பட்டியல்) மாற்றவில்லை. தன் முழுப் பெயரையே தெரிந்துகொள்ள முடியாமல் "ஸ்லீப்பிங் ஃபார் ரீட்ரை" என்று மெயில் லாக்கில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் நின்றது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

உங்களுடையது 90. சேவைகளைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி, ஒரு மவுண்டுக்கோ (டிஸ்க்கையோ வேறு பெட்டியின் ஃபோல்டரையோ இணைப்பது) சேவைக்கோ பொதுவாகத் தரும் கெடு அதுதான். கரண்ட் போன நாளன்று மட்டும் பதில் சொல்லாத பெட்டி எது என்று பாருங்கள்.

ஸ்விட்ச்_காரன்:

எனக்கு வந்தது 30 செகண்ட் அண்ணா. காலேஜ் லேப்ல பழைய ஸ்விட்சைக் கழட்டிட்டு மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்தக்கூடியது) போட்டோம். அன்னிலேருந்து சர்வர் ஐபி வாங்க லேட்டு. நெட்வொர்க்ல பூட் ஆகுற மெஷின்கள் ஐபி கிடைக்காம அப்படியே நின்னுடுச்சு. போர்ட்ல லைட் எரியுது, ஆனா பாக்கெட் போகல. ஸ்பானிங் ட்ரீ! ஸ்விட்ச்சோட லூப் தடுப்பு அது. கேபிள் சுத்தி வந்து லூப் ஆயிருக்கான்னு பார்க்க லிசனிங் 15, லேர்னிங் 15 செகண்ட் எடுத்துக்கிட்டுத்தான் போர்ட்டைத் திறந்து விடும். சர்வர், லேப் மெஷின் இருக்கிற போர்ட்ல எல்லாம் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பு இல்லாம உடனே திறக்கிற செட்டிங்) போட்டேன், சரியாயிடுச்சு. இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போற போர்ட்ல மட்டும் போட்டுடாதீங்க. யாராவது தெரியாம லூப் போட்டா மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும்.

ஜாவா_மேசை:

இந்த எண்ணும் வித்தையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் ஜாவா செயலி கிளம்ப நான்கு நிமிடம் ஆனது. லாக்கில் நேரத்தைப் பார்த்தால் வரிக்கு வரி ஐந்து ஐந்து வினாடி இடைவெளி. ரிசால்வ் கோப்பின் (டிஎன்எஸ், அதாவது பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்களின் பட்டியல்) முதல் வரியில் எப்போதோ கழற்றி எறிந்த பழைய ரவுட்டரின் ஐபி இருந்தது. ஒவ்வொரு பெயரைத் தேடும்போதும் முதலில் அதைக் கேட்டு, 5 வினாடி காத்திருந்து, பிறகே அடுத்த டிஎன்எஸ்ஸுக்குப் போனது. செயலி கிளம்பும்போது எத்தனை சர்வர் பெயர்களைத் தேடுகிறதோ அத்தனை ஐந்து வினாடி. அந்த ஒரு வரியை எடுத்ததும் முழுக்கச் சரியானது.

பில்லிங்_அறை:

பழைய_கேபிள் ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. போன வாரம் மறுபடி கரண்ட் போனது, மறுபடி சரியாக ஒன்றரை நிமிடம். இந்த முறை லாக்கைப் பிடித்துவிட்டேன்.

பேக்கப் எடுக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் உள்ள டிஸ்க் பெட்டி) எஃப்எஸ்டேப் கோப்பில் (கிளம்பும்போது இணைக்க வேண்டியவற்றின் பட்டியல்) என்எஃப்எஸ் மவுண்டாக, அதாவது நெட்வொர்க் வழியாக இணையும் ஃபோல்டராக இருக்கிறது. கரண்ட் வந்ததும் சர்வரும் நாஸும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகின்றன. நாஸ் தன் டிஸ்க்குகளைச் சரிபார்த்து எழ அதிக நேரம் எடுக்கிறது. அதுவரை சர்வர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது. பில்லிங் சேவை கிளம்புவது அந்த மவுண்டுக்குப் பின்னால்தான். நான் இரவில் ரீபூட் செய்து பார்த்தபோதெல்லாம் நாஸ் விழித்திருந்ததால் இது கண்ணில் படவே இல்லை.

அந்த வரியில் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் மேலே போ), 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' (தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்) இரண்டையும் சேர்த்தேன். பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் மவுண்ட் ஆனால் போதும். ஞாயிறு இரவு நாஸின் லேன் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, சர்வரை முழுவதும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 41 வினாடியில் பில்லிங் திரை வந்தது.

எஸ்எஸ்டி கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இன்று காலை யூபிஎஸ் பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.