6 அடி மீன் தொட்டிக்கு பைப் லைன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. ஹாலில் இருக்கும் 6×2×2 அடி தொட்டியைப் பிரித்து, கீழே சம்ப் (தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் தொட்டி) வைத்துத் திரும்பக் கட்டப் போகிறேன். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர், உள்ளே ஆஸ்கர் மீன்கள்.

தண்ணீர் இறங்க ஒன்றரை இன்ச் பைப் இரண்டு: ஒன்று கேட் வால்வோடு (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க) சைஃபனாக, அதாவது காற்றில்லாமல் நிரம்பி ஓடும், இன்னொன்று வால்வே இல்லாமல் சற்று உயரத்தில், முதல் பைப் அடைத்துக்கொண்டால் காப்பாற்ற. பம்ப் மூலம் மேலே ஏற்ற ஒரு இன்ச் ரிட்டர்ன் பைப்.

பயமெல்லாம் கரண்ட் போய் பம்ப் நிற்கும்போதுதான். ரிட்டர்ன் பைப்பின் வாய் ஆழத்தில் இருந்தால் அது வழியாகவே தண்ணீர் பின்னால் இறங்கும், இந்த அளவுத் தொட்டியில் ஒரு இன்ச் மட்டம் குறைந்தாலே 28 லிட்டர் சம்ப்புக்கு வந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து நின்றுவிடும், சரி, அதில் பாசி அடைத்தால்? செக் வால்விலும் (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) ஒரு துளி அழுக்கு சிக்கினால் போச்சு, அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை. வாயையே மட்டத்துக்கு ஒட்டி வைத்துவிடலாமா?

அப்புறம், டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியைத் துளைக்க முடியாது என்பதால் சாதா 12 எம்எம் தான் எடுக்கிறேன். அதில் விரிசல் விடாமல் ஓட்டை போட்டுத் தருபவர் செவ்வாய்ப்பேட்டை பக்கம் யாராவது இருக்கிறார்களா?