நியூஜெர்சியிலிருந்து டாலஸுக்குக் குடிபெயர்வு: சொத்து வரியையும் பள்ளியையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

செம்பருத்தி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு டெக்சஸ் மாநிலத்தின் டாலஸில் வேலை உறுதியாகிவிட்டதால், நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு வரும் கோடை விடுமுறைக்குள் அங்கே குடிபெயர இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். பார்த்த வீடுகளில் இரண்டு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இரண்டின் விலையும் ஏறக்குறைய ஆறு லட்சம் டாலர். முதலாவது, டாலஸின் புறநகரான பிளேனோவில் 1990-களில் கட்டிய வீடு. எல்லா வரிகளும் சேர்ந்து சுமார் 1.7 சதவீதம், அந்த வீட்டுக்குரிய தொடக்கப் பள்ளிக்கு கிரேட்ஸ்கூல்ஸ் தளம் 10-க்கு 7 கொடுத்திருக்கிறது. இரண்டாவது, அதற்கும் வடக்கே புதிதாக உருவாகிவரும் குடியிருப்பில் பில்டரிடமே வாங்கும் வீடு. வரி 2.5 சதவீதம், பள்ளிக்கு 9.

எடிசனிலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் சொத்து வரி கட்டிப் பழகியவர்கள்தாம் நாங்கள். ஆகவே கூடுதலாகக் கட்டும் 0.8 சதவீதத்தை நல்ல பள்ளிக்குக் கொடுக்கும் விலையாகக் கருதி இரண்டாவது வீட்டையே எடுக்கலாம் என்பது கணவரின் கருத்து. எனக்கு அந்த இடத்தில்தான் ஐயம். அங்கே வசிக்கும் நீங்கள் இதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தாழ்வாரம்:

உங்கள் ஐயம் நியாயமானது. நியூஜெர்சியில் சொத்து வரியில் ஏறத்தாழ பாதி உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகிறது. ஆகவே வரி கூடினால் பள்ளிக்குச் செலவும் கூடும் என்று நினைப்பது அங்கே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். டெக்சஸ் வரிச்சீட்டை அதே கண்ணோடு படிக்க முடியாது.

இங்கே கல்வி மாவட்டத்தின் வரி இரண்டு பகுதிகளாக வரும். ஆசிரியர் சம்பளம் முதலான அன்றாடச் செலவுக்கான விகிதத்தை மாநிலச் சட்டம் ஒரு குறுகிய வரம்புக்குள் வைத்திருப்பதால், மாவட்டத்துக்கு மாவட்டம் அது பெரிதாக வேறுபடாது. போதாக்குறைக்கு, சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்கள் தங்கள் வசூலில் ஒரு பங்கை மாநிலத்திடம் ஒப்படைக்கவும் வேண்டும். 1993-இல் வந்த இந்த ஏற்பாட்டை இங்கே எல்லோரும் 'ராபின் ஹூட்' என்றே சொல்வார்கள். இரண்டாவது பகுதி கடன் பத்திரங்களை அடைப்பதற்கானது. வேகமாக வளரும் மாவட்டங்களில் இது கூடுதலாக இருக்கும். ஆனால் அது பள்ளிக் கட்டடங்களுக்கும் பேருந்துகளுக்கும் போகுமே தவிர, அதிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

புதிய குடியிருப்புகளில் வரி 2.5-ஐத் தொடுவதற்கு வழக்கமான காரணம் எம்.யு.டி. எனப்படும் நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம். நிலத்தை மனைகளாக்கியவர் போட்ட குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், சில இடங்களில் சாலை ஆகியவற்றுக்கான கடனை அங்கே குடியேறுபவர்கள் வரியாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். அதில் ஒரு காசும் வகுப்பறைக்குப் போகாது. எனவே அந்த 0.8 சதவீதத்தில் எவ்வளவு கல்வி மாவட்டத்துக்கு, எவ்வளவு எம்.யு.டி.க்கு என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். பெரும்பகுதி எம்.யு.டி. என்றால், கணவர் பள்ளிக்கு என்று நினைத்துக் கொடுக்கும் பணம் குழாய்க்குத்தான் போகிறது.

ஆறு லட்சத்துக்கு 0.8 சதவீதம் என்பது ஆண்டுக்கு 4,800 டாலர், மாதத்துக்கு 400 டாலர். வட்டி 6.5 சதவீதமாக இருந்தால், 30 ஆண்டுக் கடனில் இந்த 400 டாலர் சுமார் 63,000 டாலர் கூடுதல் கடனுக்கான மாதத் தவணை. கூடுதல் விலைக்கும் 1.7 சதவீத வரி வரும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், அதே மாதச் செலவில் ஏறத்தாழ 50,000 டாலர் விலை கூடிய வீட்டைப் பழைய பகுதியில், இதைவிட நல்ல பள்ளியின் எல்லைக்குள் தேடலாம். உண்மையான ஒப்பீடு அந்த வீட்டோடுதான்.

சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின் 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆகியிருக்கிறது. ஆனால் அது கல்வி மாவட்ட வரிக்கு மட்டுமே; எம்.யு.டி. வரியை அது குறைக்காது.

இன்னொன்று, பில்டர் வீட்டுக்கே உரிய சிக்கல். ஜனவரி 1-ஆம் தேதி இருந்த நிலையை வைத்தே அந்த ஆண்டின் மதிப்பு குறிக்கப்படும். அன்று அங்கே வெறும் மனைதான் இருந்தது என்றால், முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டும் வரும். வங்கி அதை நம்பி எஸ்க்ரோவை (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு பிடித்துவைக்கும் பணத்தை) குறைவாக வைத்துவிட்டால், மறு ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்ததும் பற்றாக்குறையையும் புதிய வரியையும் சேர்த்து மாதத் தவணை ஒரேயடியாக உயரும். மனை மதிப்பு 1,20,000 என்று வைத்துக்கொண்டால், 2.5 சதவீதத்தில் முதல் ஆண்டு 3,000 டாலர், மறு ஆண்டு விலக்குக்கு முன் 15,000 டாலர். முழு மதிப்புக்கே எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லி முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பிளேனோ வீட்டிலும் விளம்பரத்தில் போட்டிருக்கும் வரித்தொகையை நம்ப வேண்டாம். அது இப்போதைய உரிமையாளருடையது. குடியிருப்பவரின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட முடியாது என்ற பாதுகாப்பு வீடு கைமாறியதும் போய்விடும்; அவர் 65 வயதைக் கடந்தவராக இருந்தால் பள்ளி வரியே ஓர் உச்சவரம்பில் நின்றிருக்கும்.

மருதாணி:

வரிக்கணக்கை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். பள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முகவரியில் இருக்கும் ஊரும் கல்வி மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் கல்வி மாவட்டங்களுக்கு உட்பட்ட வீடுகள் இருக்கின்றன. பிளேனோ நகரத்தின் ஒரு பகுதி ஃபிரிஸ்கோ கல்வி மாவட்டத்தில் இருக்கிறது. வீடு விற்கும் தளம் காட்டும் பள்ளிப் பெயரை விட்டுவிட்டு, கல்வி மாவட்டத்தின் தளத்திலேயே முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் 7, 9 என்ற எண்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. தேர்வில் தேறியவர் விகிதம் பெற்றோரின் வருமானத்தோடு ஒட்டியே ஏறி இறங்கும். பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அது தனியாகக் காட்டாது. மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் அறிக்கையில், ஒரே மாணவர் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார் என்ற பகுதியையும், ஆசிரியர்களின் பணி அனுபவத்தையும் பாருங்கள். அனுபவம் ஐந்து ஆண்டுக்கும் குறைந்த ஆசிரியர்களே பெரும்பான்மை என்றால், 9 என்ற எண் எனக்கு அவ்வளவு ஆறுதல் தராது.

அதைவிட முக்கியமாக, இரண்டு வீடுகளிலும் பள்ளி எல்லை மாறும் வாய்ப்பு இருக்கிறது, காரணங்கள்தாம் நேர்மாறானவை. வடக்கே ஒவ்வொரு புதிய பள்ளி திறக்கும்போதும் எல்லைகளைத் திருத்துவார்கள்; இன்றைக்கு 9 வாங்கிய பள்ளிக்கே உங்கள் மகன் நான்காம் வகுப்பிலும் போவான் என்று எவரும் எழுதித் தர மாட்டார்கள். பிளேனோவில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவருவதால், 2024-இல் நான்கு பள்ளிகளை மூட அந்தக் கல்வி மாவட்டம் முடிவெடுத்தது. நீங்கள் பார்த்திருக்கும் தொடக்கப் பள்ளியில் இடத்துக்கு ஏற்ற மாணவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

மகளின் கணக்கு வேறு. பிளேனோவில் 9, 10 வகுப்புகள் ஒரு பள்ளியிலும் 11, 12 வகுப்புகள் வேறொரு பெரிய பள்ளியிலும் நடக்கின்றன. எட்டாம் வகுப்புக்கு மட்டும் ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து, பிறகு இரண்டு முறை மாற வேண்டும். மற்ற பல மாவட்டங்களில் 9 முதல் 12 வரை ஒரே வளாகம்தான்.

கல்லூரிச் சேர்க்கையையும் மறக்க வேண்டாம். 1997-இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து அதை 5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. நம்மவர் பிள்ளைகள் குவிந்திருக்கும் பள்ளியில் அந்த 5 சதவீதத்துக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதை இங்கே வந்து ஒரு பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்தால் தெரிந்துகொள்வீர்கள்.

செம்பருத்தி:

இருவருக்கும் நன்றி. 0.8-இல் 0.6 எம்.யு.டி.தான் என்று ஏஜெண்ட் இப்போது சொல்கிறார். ஆனாலும் நியூஜெர்சியில் எங்களுக்கு மாநில வருமான வரியாக ஆண்டுக்குச் சுமார் 8,700 டாலர் போகிறது, டெக்சஸில் அந்த வரியே இல்லாததால் அது மிச்சமாகும், ஆகவே இந்தக் கூடுதல் வரி தாங்கக்கூடியதுதான் என்கிறார் கணவர்.

வடகாற்று:

பிளேனோ வீட்டை எடுத்தாலும் அதே 8,700 டாலர் மிச்சமாகும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அது டெக்சஸுக்கு வருவதன் பலன். இரண்டு வீடுகளில் எது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

அதோடு, வருமான வரி வருமானம் நின்றால் நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நாட்களிலும் 15,000 டாலர் வரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதந்தோறும் தவணையோடு சேர்ந்தே வரும். இருவரும் சம்பாதித்தாலும், வரி உட்பட முழுத் தவணையையும் ஒரு சம்பளம் தாங்குமா என்று பார்த்துத்தான் நாங்கள் வீட்டின் விலையை முடிவு செய்தோம்.

ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். இளையவனுக்கு அது சரிப்படும். ஆனால் மகள் எட்டாம் வகுப்பை ஓர் இடத்திலும் ஒன்பதாம் வகுப்பை வேறோர் இடத்திலும் படிக்க நேரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எம்.யு.டி. மாவட்டத்துக்குள் இருக்கும் வீடாக இருந்தால், அதன் வரி விகிதத்தையும் கடன் பத்திரத் தொகையையும் குறிப்பிடும் அறிவிப்பை ஒப்பந்தத்துக்கு முன்பே விற்பவர் எழுத்தில் தர வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். பில்டர் அலுவலகத்தில் கையொப்பத்துக்கு நீட்டும் கட்டுக்குள் அது எங்கோ நடுவில் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு தாளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி, இதுவரை வாங்கிய கடன் எவ்வளவு, இனி வாங்க அனுமதி பெற்றிருக்கும் கடன் எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் பாருங்கள். இரண்டாவது தொகை பெரியதாக இருந்தால், 0.6 சீக்கிரம் குறையும் என்று ஏஜெண்ட் சொல்வதை நான் நம்ப மாட்டேன்.