தேக்கங்கொழுந்தும் இரும்புச் சட்டியும்

பர்மாவின் பெகுவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தேக்கு மரங்கள் நிற்கின்றன. மழை பிடித்ததும் கொழுந்து விடும். அதைக் கசக்கினால் உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி சிவந்துவிடும். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டையில் துடைத்து அப்பாயியிடம் திட்டு வாங்கியது கொஞ்சமில்லை. சட்டையில் ஒட்டியது துணிக்கும் ஒட்டும்தானே என்று போன வருஷம் சாயம் காய்ச்ச இறங்கினேன்.

புதுப் பருத்தித் துணியை அப்படியே சாற்றில் போட்டேன். எடுக்கும்போது அருமையான சிவப்பு. இரண்டு தடவை அலசியதும் அழுக்கு ரோஸ், அதுவும் திட்டுத் திட்டாக! கொழுந்து பத்தவில்லை என்று மரமேற ஆள் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "கஞ்சி போகவே இல்லையே, இது எங்கே சாயம் குடிக்கும்?" என்றார். அவருடைய அப்பா பலாக்கட்டையைக் காய்ச்சி பிக்குகளின் உடையான சீவரத்துக்குச் சாயம் ஏற்றியவராம்.

சரி, முதலிலிருந்து. அரைக் கிலோ துணியைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வெள்ளைத் துணிதான், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் 100 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஒரு ராத்திரி ஊறல். பிழிந்து காயவைத்து, 75 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் இன்னொரு ராத்திரி. பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு நடுவில் கடுக்காயின் துவர்ப்பு வேண்டும்.

அன்றைக்கு அலுமினியக் குண்டானில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவசரத்தில் கொழுந்துச் சாறு காய்ச்ச இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டேன். துணி உள்ளே போன பத்தாவது நிமிஷம் சாறெல்லாம் மை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் காலத்து எழுதுகிற மையே அதுதானே, எனக்குத்தான் உறைக்கவில்லை. கத்தரிப்பூ கலந்த சாம்பல் நிறத்தில் துணி வெளியே வந்தது.

அடுத்த வாரம் குண்டானில், கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் காய்ச்சியபோதுதான் செங்கல் சிவப்பு கிடைத்தது. முற்றிய இலை வேண்டாம், வெறும் பழுப்புதான் வரும். மழைக்காலத்தில் காயவைப்பதுதான் பாடு. ஆனால் வெயில் படாமல் காய்வதே இந்தச் சாயத்துக்கு நல்லது.

சட்டியில் கருத்த துணியை என் வீட்டுக்காரர் கைலியாகத் தைத்துக்கொண்டார். இரும்பு பட்ட பருத்தி சீக்கிரம் இற்றுப்போகும் என்று அந்த அம்மா எச்சரித்திருக்கிறார். இதுவரை கிழியவில்லை. சிவப்புத் துணிதான் துவைக்கத் துவைக்க மங்குகிறது.