எந்த செயின்ட் ஐவ்ஸ்? வம்சாவளி தேடுவோர் உதவ வேண்டும்

லண்டனில் என் பக்கத்து வீட்டு மூதாட்டிக்காக அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பூர்வீகத்தைத் தேடுகிறேன். 1861 மக்கள்தொகைக் கணக்கேட்டில் அவருக்கு வயது 34, தொழில் பீப்பாய் செய்தல், பிறந்த ஊர் செயின்ட் ஐவ்ஸ். மாவட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் மை பரவி, முதல் எழுத்துகூடத் தெரியவில்லை.

கார்ன்வால் கடற்கரையில் புனிதர் ஈயாவின் பெயரால் ஒரு செயின்ட் ஐவ்ஸ் இருக்கிறது. கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில், அன்றைய ஹண்டிங்டன்ஷயரில், புனிதர் ஈவோவின் பெயரால் இன்னொன்று. பாலத்தின் நடுவிலேயே சிற்றாலயம் உள்ள அழகான ஊர் அது. போதாக்குறைக்கு, கார்ன்வாலிலேயே லிஸ்கர்ட் என்ற ஊருக்கு அருகே செயின்ட் ஈவ் என்ற கிராமமும் உண்டு.

அரசுப் பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியதால் சான்றிதழுக்கு வழியில்லை. திருமணச் சான்றிதழில் தந்தை 'படகோட்டி' என்று இருக்கிறது. கடலுக்கும் பொருந்துகிறது, ஆற்றுக்கும் பொருந்துகிறது! ஞானஸ்நானப் பதிவேடுகளில் இரண்டு செயின்ட் ஐவ்ஸ் ஊர்களிலுமே அதே பெயரில், ஏறத்தாழ அதே வயதில் ஒரு பையன் இருக்கிறான். 1851, 1871 கணக்கேடுகளில் இவர் அகப்படவே இல்லை. மூதாட்டிக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

இந்த இரு பையன்களில் இவர் யார் என்று உறுதிசெய்ய, அடுத்து எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும்?