வாரந்தோறும் காட்டில் இரண்டு மணி நேரப் பாடமா?

தண்ணீர்மலைவாசி: மகள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. இனி வியாழக்கிழமை தோறும் காலை இரண்டு மணி நேரம், பினாங்குத் தாவரவியல் பூங்காவை ஒட்டிய காட்டோரத்தில் பாடமாம். பள்ளி அனுப்பிய கடிதம் என் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது. போடலாமா?

ஆயர் ஈத்தாம் அம்மா: நான் போட மாட்டேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அம்மா பத்து வயதில் பால் பிடிக்கும் மங்கு துடைத்தவர். அட்டைக்கடி தங்களோடு போகட்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். இப்போது அதற்கே கல்வி என்று பெயரா? டிங்கிக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

பழைய வாத்தியார்: ஏடிஸ் கொசு உங்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் முட்டையிடும், அம்மா. ஆண்டுக்கொரு முறை பஸ் ஏறிப் போகும் சுற்றுலாவில் பிள்ளைக்கு நினைவில் நிற்பது ஐஸ்கிரீம்தான். இது வேறு. 1993-இல் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் டென்மார்க் பாலர்பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து இங்கிலாந்தில் தொடங்கிய 'காட்டுப் பள்ளி' முறை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் அதன் உயிர்.

அந்தப் பூங்காவில் நாகலிங்க மரம் உண்டு. ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போனேன். கோயிலில் பூவை மட்டும் பார்த்திருந்தவர்கள், அது அடிமரத்திலிருந்தே பூத்துத் தொங்குவதைக் கண்டு நின்றுவிட்டார்கள். "சார், மரம் தலைகீழாகப் பூக்கிறதா?" என்றான் ஒருவன். முப்பது ஆண்டுகள் பாடநூல் படத்தைக் காட்டியிருக்கிறேன். ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

ஜெலுத்தோங் அப்பா: அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுக்கிறார்கள்? என் மகன் கணக்கில் தடுமாறுகிறான்.

பழைய வாத்தியார்: அதே மரத்தைக் கயிற்றால் சுற்றி அளக்கட்டும், அதுவும் கணக்குத்தான். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் போய்விட்டது; பயம்தான் இன்னும் போகவில்லை.

ஆயர் ஈத்தாம் அம்மா: பூவைப் பற்றி அழகாகச் சொன்னீர்கள், ஐயா. கொசுவைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். மரப்பொந்து நீரில் முட்டையிடும் ஏடிஸ் இனமும் உண்டு. அது பகலில் கடிக்கும். கெரா குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாய்ந்து பிடுங்கும். முப்பது பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? கடிதத்தில் இருக்கிறதா?

தண்ணீர்மலைவாசி: இல்லை. நாளையே பள்ளியில் கேட்கிறேன்.

பழைய வாத்தியார்: ஆள் போதாவிட்டால் நான் வருகிறேன். அட்டைக்கு உப்பும் கொண்டு வருகிறேன்.

ஆயர் ஈத்தாம் அம்மா: உப்பு வேண்டாம்! அட்டை வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தை அடியில் நுழைத்து, வாயை மெதுவாகத் தள்ளிவிடுங்கள். நான் தாதி. கையெழுத்து இன்னும் போடவில்லை.